எங்க வூட்டுக்காரருக்கு ஒரு ஓட்டு

பரணி: செல்லாதுக்கா. அவ்வளவுதான்.

வினோ: ஏன்டா செல்லாது?

பரணி: பேரு இல்ல. ஓட்டுன்னு போட்டு, பக்கத்துல ஆளு பேரை எழுதணும். ஓநாய் ஆட்டத்துக்கு இந்த ரூலைப் போட்டது யாரு? நீ.

வினோ: சரி சரி... யாரு ஓட்டு அது? நான் இன்னும் வாட்ஸ்அப் குரூப்பையே பாக்கலடா. கை பூரா இட்லி மாவு.

பரணி: மொதல்ல உக்காரு.

வினோ: ஆறு மாச வயித்தை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டா கரைப்பேன்? உக்காந்துதான் இருக்கேன். சொல்லித் தொலை.

பரணி: படிக்கிறேன், கேளு. 'என் ஓட்டு எங்க வூட்டுக்காரருக்கு.'

வினோ: யாரு எழுதுனது?

பரணி: அம்மா.

வினோ: எந்த அம்மா?

பரணி: நமக்கு எத்தனை அம்மா இருக்கு? தனம். உன்னையும் என்னையும் பெத்த தனம்.

வினோ: ஐயய்யோ! ஐயய்யோ ஐயய்யோ!

பரணி: காது போச்சு...

வினோ: இன்னொரு தடவை படிடா. மெதுவா.

பரணி: 'என் ஓட்டு... எங்க... வூட்டுக்காரருக்கு.'

வினோ: எங்க வூட்டுக்காரரு! டேய், தை மாசத்துலேருந்து அம்மா அப்பாவை என்னான்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு?

பரணி: 'அந்தப் பூலாம்பாடிக்காரரு.'

வினோ: 'அந்தப் பூலாம்பாடிக்காரரு சாப்புட்டாராமா?' பஸ்ல பக்கத்து சீட்டுல வந்த ஆளை விசாரிக்கிற மாதிரி! இப்ப வூட்டுக்காரரு! அப்பாவுக்கு ப்ரமோஷன்டா!

பரணி: ப்ரமோஷன் குடுத்துத்தான் வெளிய அனுப்பப் பாக்குது.

வினோ: எழுதுடா! அந்த ஓட்டு செல்லும். ஆட்டத்தை நடத்துறவ நான் சொல்றேன். செல்லும்!

பரணி: செல்லும்னா அப்பா அவுட்.

வினோ: என்னது?

பரணி: அண்ணாதுரை மாமாவுக்கும் அப்பாவுக்கும் சமமா நிக்குது. சமமாவே முடிஞ்சா இன்னைக்கு யாரும் வெளிய போக வேண்டியதில்ல. இந்த ஒண்ணு சேந்துச்சுன்னா அப்பா கெளம்ப வேண்டியதுதான்.

வினோ: அப்ப செல்லாது.

பரணி: இப்பதான செல்லும்னு குதிச்ச?

வினோ: புள்ளத்தாச்சி எங்கடா குதிப்பா? செல்லாது. பேரு இல்ல. ரூல்னா ரூல்.

பரணி: அது அவ்வளவு லேசு இல்லக்கா. மாமா குரூப்ல கச்சேரியை ஆரம்பிச்சுட்டாரு.

வினோ: அவருக்கு என்னவாம்?

பரணி: போன ஆட்டத்துல பாப்பாத்தி அத்தை 'சத்யா அப்பாவுக்கு'ன்னு ஓட்டு போட்டுச்சுல்ல? அதுவும் புருசன் பேரைச் சொல்லாது. நானும் பாவமேன்னு மாமா கணக்குல சேத்துட்டேன். அந்த ஒத்தை ஓட்டுல மொத நாளே மாமா சுடுகாட்டுக்குப் போனாரு.

வினோ: சுடுகாடுன்னு சொல்லாத. தோத்தவங்க குரூப்புன்னு சொல்லு.

பரணி: அதுக்கு சுடுகாடுன்னு பேரு வச்சதே உன் புருசன்தான். அதை விடு. இப்ப மாமா கேக்குறாரு... 'எம் பொண்டாட்டி பேரு சொல்லாம போட்டா செல்லும், எந் தங்கச்சி பேரு சொல்லாம போட்டா செல்லாதா? ஓட்டு எண்ணச் சொன்னா நாட்டாமை பண்றியா?'

வினோ: அவரு கேக்குறதுலயும் நியாயம் இருக்குடா...

பரணி: இருக்கு. ஆனா அடுத்தது ஒண்ணு போட்டாரு பாரு. 'ஒரே வூட்ல இருந்துக்கிட்டு பெத்தவ ஓட்டையே மதிக்க மாட்டேங்குற'ன்னு. எந்த வூடு? அம்மா செந்துறையில அவரு வூட்ல இருக்கு. நான் அரியலூர்ல ஒத்தை ரூம்ல பல்லியோட கெடக்குறேன்.

வினோ: தோக்குற பயத்துல ஒளறுறாரு.

பரணி: எனக்கு எதுக்குக்கா இந்த வேலை? ஞாயித்துக்கெழமை தூங்கிக்கிட்டு இருந்தவனை, 'ஓட்டை மட்டும் எண்ணிக் குடுடா தம்பி, நூறு மெசேஜுல என்னால தேட முடியல'ன்னு இழுத்து விட்ட. சம்பளம் கெடையாது, டீ கெடையாது, ஏச்சு மட்டும் தாராளமா வருது.

வினோ: என்னமோ மலையைத் தூக்குற மாதிரி...

பரணி: தூக்கிப் பாரு தெரியும். ஒருத்தரு ஓட்டைப் பாட்டாப் பாடி அனுப்புறாரு. ஒருத்தரு 'நானும் அதே'ங்கிறாரு, எதுன்னு சொல்ல மாட்டாரு. பாப்பாத்தி அத்தை நடுவுல ரோஜாப்பூ படம் அனுப்பி, 'இனிய மதியம்'ங்குது. நம்ம சித்தி மவன் மகேஷ் சிங்கப்பூர்லேருந்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓட்டை மாத்துறான், கடைசியில 'என் ஓட்டு யாருக்கு'ன்னு என்னையே கேக்குறான்.

வினோ: தங்கத் தம்பியில்ல. இதை மட்டும் செல்லாதுன்னு சொல்லிடு.

பரணி: இரு இரு. உனக்கு எதுக்கு இவ்வளவு துடிப்பு?

வினோ: எனக்கென்ன? எனக்கு ஒண்ணும் இல்லியே.

பரணி: நீதான சொன்ன? ராத்திரி ரெண்டு ஓநாயும் ரகசியமா கூடிப் பேசி ஊர்ல ஒருத்தரைத் தூக்கும். பகல்ல ஊரே கூடி, இவருதான் ஓநாய்னு ஓட்டு போட்டு ஒருத்தரை வெளிய தள்ளும். யாரு ஓநாய்னு நடத்துறவளுக்கு மட்டும்தான் தெரியும், ஓட்டு எண்ணுறவனுக்குக் கூடத் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்கும் கட்சி கெடையாது. சொன்னியா இல்லியா?

வினோ: சொன்னேன்...

பரணி: அப்ப அப்பா வெளிய போனா போயிட்டுப் போறாரு. உனக்கு என்னா?

வினோ: டேய்... ஒண்ணு சொல்லுவேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாது.

பரணி: சொல்லு.

வினோ: எம் மேல சத்தியம்?

பரணி: உன் வயித்துல இருக்குற குட்டி மேலயும் சேத்து சத்தியம்.

வினோ: அப்பாதான் ஓநாய்.

பரணி: அக்கா! எண்ணுறவன்கிட்ட அதைச் சொல்லலாமா?

வினோ: அம்மாவும்.

பரணி: என்னா?

வினோ: ரெண்டு ஓநாயும் அவங்கதான்.

பரணி: சீட்டு குலுக்குறேன்னு வீடியோ போட்டியே! எவர்சில்வர் சொம்புல போட்டு, கண்ணை மூடிக்கிட்டு!

வினோ: குலுக்குனேன்டா. நெசமாவே குலுக்குனேன். அந்த ரெண்டு சீட்டை மட்டும் மொதல்லயே எடுத்து வச்சுட்டு, மிச்சத்தைக் குலுக்குனேன்.

பரணி: அடிப்பாவி!

வினோ: வேற என்னாடா பண்ணச் சொல்ற? மாமா புது வூடு குடிபோனப்ப பத்திரிகையை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு, வெத்தலை பாக்கு வச்சு நேர்ல கூப்புடலன்னு அப்பா போகல. அம்மா தனியா போச்சு. போனது அங்கேயே உக்காந்துருச்சு. இவரு போயி கூப்புட மாட்டாரு, அது கூப்புடாம வராது. நீயும் நானும் பேசிப் பேசி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

பரணி: அதுக்கு ரெண்டு பேரையும் ஓநாயாக்கிட்டியா?

வினோ: ஓநாய்ங்க ரெண்டும் தனியா பேசித்தான ஆகணும்? அதுக்குன்னு ஒரு குரூப். அப்பா, அம்மா, நான். நான் வாயே தொறக்க மாட்டேன், வேடிக்கைதான். மொத நாளு என்னா நடந்துச்சு தெரியுமா? அப்பா ஒரு புள்ளி வச்சாரு.

பரணி: புள்ளியா?

வினோ: ஒத்தைப் புள்ளி. அம்மா அதைப் பாத்துட்டு, 'யாரு?'ன்னு கேட்டுச்சு.

பரணி: அய்யோ... நம்பரு இல்லியா அம்மாகிட்ட?

வினோ: மனப்பாடமா இருக்கு. வேணும்னேதான் கேக்குது. இவரு 'நான்தான்'னாரு. அப்பறம் பேச்சே இல்ல. ரெண்டு பேரும் ஆன்லைன்ல இருக்காங்க, நான் இங்க நகத்தைக் கடிக்கிறேன். ரொம்ப நேரம் கழிச்சு, 'உங்க அண்ணனைத் தூக்கிடலாமா?'ன்னு அப்பா கேட்டாரு.

பரணி: போச்சு!

வினோ: 'எங்க அண்ணன் மேல கையை வச்சுப் பாருங்க'ன்னு அம்மா. 'அப்ப நீயே சொல்லு'ன்னு அப்பா. 'உங்க அக்காவைத் தூக்கலாம்'னு அம்மா. ரெண்டும் மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கடைசியில ஒருத்தரைத் தூக்குனாங்க பாரு...

பரணி: ராஜேஷ் மச்சான்!

வினோ: 'மாப்பிள்ளையைத் தூக்கிடலாம், அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு'ன்னு அப்பா. 'ஆமா, தங்கமான புள்ள'ன்னு அம்மா. தை மாசத்துலேருந்து ரெண்டு பேரும் ஒத்துப்போன மொத விசயம் எம் புருசனைக் கொல்றதுதான்டா!

பரணி: ஐயோ... இரு அக்கா... சிரிச்சு வயிறு வலிக்குது... பாவம் அந்த மனுசன், இன்னும் சுடுகாட்டுல உக்காந்து 'யாரா இருக்கும், யாரா இருக்கும்'னு கேட்டுக்கிட்டு இருக்காரு!

வினோ: எங்கிட்டயும் தெனம் கேக்குறாரு. சாம்பாரை ஊத்திட்டு ஓடிர்றேன்.

பரணி: அப்பறம் என்னாச்சு? பேசுனாங்களா?

வினோ: நாளாக நாளாக பேச்சு நீண்டுக்கிட்டே போச்சுடா. 'சுகர் மாத்திரை எங்க வச்ச?'ன்னு அப்பா கேக்குறாரு, 'மேல் செல்ஃபுல, வெந்தய டப்பாவுக்குப் பின்னாடி'ன்னு அம்மா சொல்லுது. நான் அதைப் படிச்சுட்டு அழுதுட்டேன்.

பரணி: நீ இப்பல்லாம் சோப்பு விளம்பரத்துக்கே அழுவுற.

வினோ: சிரிக்காதடா. வியாழக்கெழமையிலேருந்து அந்தக் குரூப்ல ஒரு வார்த்தை கெடையாது.

பரணி: ஒண்ணு கூடவா?

வினோ: புள்ளி கூட இல்ல. ராத்திரியானா யாரைத் தூக்கணும்னு பேரு மட்டும் எனக்குத் தனியா வந்துருது.

பரணி: பேசாமயே எப்படி முடிவு பண்றாங்க?

வினோ: அதான் புரியல. மறுபடியும் முட்டிக்கிட்டாங்கபோல. இன்னைக்கு என்னடான்னா அம்மா அப்பாவுக்கே ஓட்டு போடுது. அவரு வெளிய போயிட்டா அந்தக் குரூப்பை நான் மூடணும். அவங்க பேசிக்கிறதுக்கு இருந்த ஒரே எடம்டா அது.

பரணி: ம்...

வினோ: அடுத்த மாசம் வளைகாப்பு. வளையலைப் போட்டு முடிச்சு, தாய் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நான் எந்த வூட்டுக்குடா போவேன்? பூலாம்பாடியில அம்மா இல்ல, செந்துறையில அப்பா இல்ல. எனக்குப் பயமா இருக்குடா தம்பி.

பரணி: அழாதக்கா.

வினோ: அழல. மாவு தெறிச்சுருச்சு.

பரணி: கண்ணுலயா தெறிச்சுச்சு... சரி, நானும் ஒண்ணு சொல்லட்டா?

வினோ: சொல்லு.

பரணி: திட்டக்கூடாது.

வினோ: சொல்லுடா.

பரணி: புதன்கெழமையே அம்மா வெளிய போயிருக்கணும்.

வினோ: என்னது! ஒரு ஓட்டுல தப்பிச்சுச்சேடா?

பரணி: தப்பிக்கல. மகேஷ் கடைசியா அம்மாவுக்குத்தான் போட்டான். நான் பாக்காத மாதிரி விட்டுட்டேன். கேட்டப்ப, லேட்டா வந்துச்சுன்னு சொல்லிட்டேன். லேட்டெல்லாம் இல்ல.

வினோ: டேய்! ஓட்டு எண்ணுறவனே ஓட்டைத் திருடுவியா?

பரணி: சீட்டைத் திருடுனவ பேசாத.

வினோ: அம்மா ஓநாய்னு உனக்குத் தெரியாதேடா. எதுக்குப் பண்ணுன?

பரணி: அன்னைக்கு மத்தியானம் அம்மா போன் பண்ணுச்சு. ஆட்டத்தைப் பத்திப் பேசிப் பேசிச் சிரிச்சுச்சு. மூச்சு வாங்கச் சிரிச்சுச்சுக்கா. செந்துறைக்குப் போனதுலேருந்து அது சிரிச்சு நான் கேக்கவே இல்ல. அதை எப்படி சாயந்தரம் வெளிய அனுப்புறது, நீயே சொல்லு. எனக்கு மனசு வரல. திட்டு. பரவால்ல.

வினோ: உன்னை எங்க போயி திட்டுறது? இங்க வா, கன்னத்துல மாவைத் தடவுறேன். நல்ல வேலை பண்ணுன!

பரணி: மகேஷுக்குத் தெரிஞ்சா பிளைட்டு புடிச்சு வந்து மிதிப்பான்.

வினோ: வரட்டும். வளைகாப்புக்கு ஒரு ஆளு கூட ஆச்சு.

பரணி: விளக்கு வைக்கிறதுக்குள்ள கணக்கு போடணும்க்கா. மாமா மறுபடியும் டைப் அடிச்சுக்கிட்டு இருக்காரு. ஒண்ணு பண்ணுவோம். அம்மாவையே லைன்ல இழுப்போம். பேரைப் போட்டு எழுதுன்னு சொல்லுவோம்.

வினோ: அப்பா பேரை அது எழுதவே எழுதாது.

பரணி: அதான் வேணும். எழுதலன்னா செல்லாது. கேட்டும் எழுதல, நான் என்னா பண்ணன்னு மாமா வாயை அடைச்சுரலாம்.

வினோ: ரேஷன் கடையில ஞாபகம் இருக்கா? புருசன் பேரு என்னான்னு கேட்டதுக்கு, ஆண்டவர்னு சொல்ல முடியாம மேல கையைக் காட்டுச்சே...

பரணி: அந்தாளு 'எப்பம்மா தவறுனாரு'ன்னு துக்கம் விசாரிச்சான்! பின்னாடி மூட்டையோட அப்பா நிக்கிறாரு!

வினோ: போடு போடு, அம்மாவைப் போடு.

பரணி: ரிங் போவுது... எடுத்துருச்சு. அம்மா?

அம்மா: சொல்லு சாமி.

பரணி: அக்காவும் லைன்ல இருக்கும்மா.

அம்மா: பாப்பா, மத்தியானம் சாப்புட்டியா?

வினோ: சாப்புட்டேன்மா. நீ என்னா பண்ற?

அம்மா: நானா... சும்மாதான் இருக்கேன்.

பரணி: என்னம்மா சத்தம்? மோட்டார் ஓடுற மாதிரி...

அம்மா: டிவி.

பரணி: டிவியில மோட்டாரா?

அம்மா: விவசாயம் பத்திப் போடுறான். என்னா விசயம், சொல்லு.

பரணி: உன் ஓட்டும்மா. பேரு எழுதல நீ.

அம்மா: எழுத மாட்டேன்.

வினோ: அப்ப செல்லாதும்மா.

அம்மா: ஏன் செல்லாது? எனக்கு எத்தனை வூட்டுக்காரரு? பாப்பாத்தி போட்டப்ப செல்லுச்சுல்ல?

பரணி: மாமா மாதிரியே பேசுறியே...

அம்மா: சேத்துக்கோ. அவரு போகட்டும் வெளிய.

வினோ: போகட்டுமா?

அம்மா: போகணும்னுதான போட்டது.

வினோ: அவ்வளவு கோவமாம்மா உனக்கு?

அம்மா: கோவமா? யாருக்கு?

பரணி: அம்மா, அக்கா அழுவுது.

அம்மா: அடியே! வயித்துப் புள்ளையை வச்சுக்கிட்டு வெளையாட்டுக்குப் போயி அழுவியா? தம்பி, நீ செத்த நேரம் போனை வையி.

பரணி: நான் எதுக்கு வைக்கணும்?

அம்மா: ஓட்டு எண்ணுறவன் முன்னாடி சிலது பேசக்கூடாது.

வினோ: அவனுக்கு எல்லாம் தெரியும்மா. நான் சொல்லிட்டேன்.

அம்மா: சொல்லிட்டியா? நல்லா நடத்துன போ ஆட்டத்தை!

வினோ: வியாழக்கெழமையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் பேசவே இல்லியேம்மா... மறுபடியும் எதுக்கும்மா சண்டை?

அம்மா: பேசலன்னு யாரு சொன்னா?

வினோ: குரூப்ல ஒரு வார்த்தை இல்லியே.

அம்மா: ஒரே வூட்ல இருந்துக்கிட்டு எதுக்குடி டைப் அடிக்கணும்?

பரணி: எந்த வூட்லம்மா?

அம்மா: எந்த வூட்ல... நம்ம வூட்லதான். பூலாம்பாடியில.

வினோ: அம்மா! அம்மா! அம்மா!

அம்மா: மெதுவாடி! உள்ள இருக்குறது பயந்துரும்.

பரணி: எப்ப... எப்படிம்மா?

அம்மா: புதன்கெழமை நான் ஒரு ஓட்டுல தப்பிச்சேனா? அவரு ஆடிப்போயிட்டாரு. 'இனிமே டைப் அடிச்சா வேலைக்காகாது, நேர்ல கலந்து பேசணும்'னு வியாழக்கெழமை விடிஞ்சதும் மூணு பஸ் மாறி செந்துறைக்கு வந்துட்டாரு. எங்க அண்ணன் வாசப்படியை மிதிக்க மாட்டாராம். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு போன் பண்றாரு. பேசி முடிக்க நேரமாகும், பையையும் எடுத்துட்டு வான்னாரு.

பரணி: ஓநாய் விசயம் பேச பை எதுக்கும்மா?

அம்மா: நான் கேக்கல. எடுத்துட்டுப் போனேன்.

வினோ: ஐயோ, என் தங்கமே...

பரணி: மாமாகிட்ட என்னா சொன்ன?

அம்மா: அரியலூருக்கு உன் ரூமுக்குப் போறேன்னு சொன்னேன்.

பரணி: அதான் அந்த மனுசன் 'ஒரே வூட்ல இருந்துக்கிட்டு'ன்னு என்னைக் காச்சுறாரா! அம்மா, அவருகிட்ட நான் நாலு நாளா...

வினோ: நீ சும்மா இரு. எங்ககிட்ட ஏம்மா சொல்லல? நான் எப்படித் தவிச்சேன் தெரியுமா?

அம்மா: சொன்னா நீ கத்துற கத்துல பெரம்பலூருக்கே தெரிஞ்சுரும். ஒண்ணா இருக்கோம்னு தெரிஞ்சா, ரெண்டு பேரும் கூட்டுன்னு கண்டுபுடிச்சுர மாட்டாங்களா? ஆட்டம் முடியட்டும்னு இருந்தோம்.

பரணி: அடேங்கப்பா... சீட்டுலயும் திருட்டு, ஓட்டுலயும் திருட்டு, வூட்டுலயும் திருட்டு. நல்ல குடும்பம்!

அம்மா: என்னாடா சொல்ற? எந்த ஓட்டு?

பரணி: ஒண்ணும் இல்லம்மா. சிக்னல் சரியில்ல.

வினோ: எல்லாம் சரியாப் போச்சே... அப்பறம் எதுக்கும்மா அப்பாவைப் புடிச்சுக் குடுக்குற?

அம்மா: நான் எங்கடி குடுத்தேன்? நான் கொழம்பைக் கூட்டி வச்சுட்டு அடுப்புகிட்ட நிக்கிறேன். 'நான் வெளிய போயிட்டா, புருசனையே புடிச்சுக் குடுத்தவன்னு உன்னை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க, நீ ஜெயிச்சுட்டு வா'ன்னு, என் போனை எடுத்து அவரேதான் ஓட்டைப் போட்டாரு. பேரைத்தான் எழுதப் போனாரு. எம் போன்லேருந்து உங்க பேரு போகக் கூடாது, 'எங்க வூட்டுக்காரரு'ன்னு எழுதுங்கன்னு நான்தான் பக்கத்துல நின்னு சொன்னேன்.